ஏழு கடலா, நாலு கடலா

ரூபிகா மேடையில் ஏறினதைப் பார்த்ததுமே ஜெயராணிக்கு வயிறு எரிந்தது. அதிலும் அந்த மாம்பழக் கலர் சேலை! இரண்டு பேரும் கம்பஸில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சமஸ்கிருதம் படித்தவர்கள். கெட்டிக்காரி ஜெயராணி, பேர் எடுக்கிறது மட்டும் எப்பவும் ரூபிகா. இது என்ன நியாயம், சொல்லுங்கோ?

ஒரு சிற்றரசனின் வம்சத்தை அவன் அவைப் புலவன் சமஸ்கிருதச் செய்யுளாகப் பாடி வைத்திருக்கிறான். அதைத் தமிழில் பெயர்க்கச் சங்கத்துக்கு ஒரேயொரு ஆள் வேண்டும். இரண்டு பேரும் கேட்டிருந்தார்கள். வெள்ளவத்தை மண்டபத்தில் ஜெயராணி போன மாதம் பேசிவிட்டாள். இன்றைக்கு ரூபிகாவின் முறை. கேட்டுவிட்டு முடிவு சொல்லச் சங்கத் தலைவர் சிவபாலன் முன்வரிசையில் இருந்தார்.

அந்தக் காலத்துப் புலவர்கள் வருஷத்தை இலக்கத்தில் சொல்லமாட்டார்கள். விழி என்றால் இரண்டு, இப்படிச் சொல்லாலேயே கணக்குச் சொல்வார்கள். அரசன் முடிசூடின வருஷத்தில், பத்தின் இடத்தில் 'கடல்' நிற்கிறது. போன கிழமை ரூபிகா, "ராணி, ஒருக்காப் பாத்துச் சொல்லன்" என்று தான் பேசப்போகிற கட்டுரையை அனுப்பினாள். பார்த்தால், கடலுக்கு ஏழு போட்டிருக்கிறாள்! ஏழு கடல் என்று சின்னனில் இருந்து கேட்ட பழக்கம். புலவர் கணக்கில் கடல் நாலு. முப்பது வருஷம் பிசகி, மகன் முடிசூடினதுக்குப் பிறகு அப்பன் முடிசூடுகிறான். ஜெயராணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சபையில் நல்லா வாங்கிக் கட்டட்டும் என்று, "எல்லாம் சரி" என்று பதில் போட்டாள்.

இப்போது அந்த இடம் வந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் கோச்சி இரைந்து போகும்வரை ரூபிகா பேச்சை நிறுத்தினாள். ஜெயராணி கதிரை நுனிக்கு வந்துவிட்டாள்.

"கடலை நான் முதல்ல ஏழெண்டுதான் எடுத்தனான்," என்றாள் ரூபிகா. "நேற்றுத்தான் பிழை பிடிபட்டது. அப்பனுக்கு முந்தி மகன் முடிசூடுவானோ? நாலெண்டு போட்டா எல்லாம் பொருந்துது. எங்கட ஜெயராணி எவ்வளவு கெட்டிக்காரி! கட்டுரையைப் பாத்துத் தந்த அவவுக்கே இது பிடிபடேல்லை எண்டா பாருங்கோவன்!"

மண்டபமே சிரித்தது. சிவபாலன் திரும்பி, "பரவாயில்லை பிள்ளை, ஆருக்கும் வாறதுதான். ரூபிகாவே செய்யட்டும், என்ன?" என்றார்.

எனக்கு அப்பவே தெரியும் என்று கத்தவேண்டும் போலிருந்தது ஜெயராணிக்கு. தெரிந்தால் ஏன் சொல்லேல்லை என்று கேட்பார்களே!

"ஓம் சேர்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் கவனிக்கேல்லை."