மூன்றாவது லோரி

...இருபத்தேழு புள்ளி நான்கு, இருபத்தேழு புள்ளி ஐந்து, இரண்டு லோரியின் பலமும் இவ்வளவு ஒட்டி வந்திருக்கக் கூடாது, வேறு வேறு லோரியில் வந்த கான்கிரீட் இப்படி இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்காது, யாராவது அந்தத் தாளை இரண்டு நிமிடம் நின்று பார்த்திருந்தால் கேட்டிருப்பார்கள், யாரும் பார்க்கவில்லை, பாஸ் என்று எழுதியிருந்தது, அதுவே போதுமாயிற்று... ஸ்டெஃபனி ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். கொமுட்டர் ரயில் சுபாங் ஜெயாவைத் தாண்டிக்கொண்டிருந்தது. மணி எட்டரை. ஒன்பதரைக்கு போர்ட் கிள்ளானில், புதிதாக எழும்பும் அந்தக் கிடங்கின் இரண்டாம் மாடித் தளத்தைத் தாங்கி நிற்கும் இரும்பு முட்டுகளைக் கழற்றப் போகிறார்கள். சைட்டில் அவற்றை ப்ராப்ஸ் என்பார்கள். கழற்றலாம் என்று சொன்ன தாளில் இருந்தது அவள் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் காலேப்பின் கையெழுத்து, பாவம் அவன், என்னை நம்பிப் போட்டான்...

சிவில் இன்ஜினியரிங் டெக்னாலஜி என்று விண்ணப்பத்தில் எழுதியபோது அம்மா கேத்தரின் கேட்டாளே, "ஏசி ரூம்ல உக்காந்து டிராயிங் போடலாம்ல, எதுக்குலா உனக்கு சேறும் பூட்ஸும்?" கூடப் படித்த அனுப்பிரியா அதைத்தான் செய்கிறாள், சிங்கப்பூரில் கணினியில் கட்டடம் வரைகிறாள். இம்ரான் கல்லுக்கும் கம்பிக்கும் அளவு கணக்கெடுக்கும் வேலையில், சட்டை கசங்குவதில்லை. இவளுக்கு மட்டும் சைட்தான் வேண்டியிருந்தது. ஏன்? கல்லூரி லேப்பில் முதல் கியூப் போட்ட நாள் காரணமாக இருக்குமா? உள்ளங்கை அகல இரும்பு அச்சில் கான்கிரீட்டைக் குத்திக் குத்தி நிரப்பி, மறுநாள் திறந்தால் ஒரு பக்கம் முழுக்க ஓட்டை. ஒரு வருடம் சீனியரான காலேப் எட்டிப் பார்த்து, "கான்கிரீட்டா, கேக்கா? கிறிஸ்மஸுக்கு எனக்கு ஒரு துண்டு," என்று சிரித்தான். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இந்த சைட்டில் தரம் பார்க்கும் வேலைக்கு வந்த முதல் வாரம் ஒரு லோரிக்கார அங்கிள், "யாருமா கியூசி? அண்ணனக் கூப்பிடு," என்றார். "நான்தான் அங்கிள் கியூசி." "ஐயோ, அப்ப லோரியத் திருப்பிடவா?" எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். ஆனால் அன்று அவருடைய கான்கிரீட்டைச் சோதித்துத் திருப்பியே அனுப்பினாள். அந்தப் பெண் எங்கே போனாள்? பதினான்கு நாளுக்கு முன்பு வரை இங்கேதானே இருந்தாள்...

அன்று மழை. மூன்று லோரி வர வேண்டும். ஒவ்வொரு லோரியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, எவ்வளவு குழைவு என்று இளக்கம் அளந்து, கியூப் போட்டு, நம்பர் கீறி, தண்ணீர்த் தொட்டியில் வைக்க வேண்டும், பிறகு உடைத்துப் பார்த்தால் அந்த லோரியின் பலம் தெரியும், இவ்வளவுதான் வேலை. இரண்டு லோரி ஒழுங்காக முடிந்தது. மூன்றாவது, கன்டெய்னர் லோரி வரிசையில் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன், கோயில் ஆபிஸில் ஞானஸ்நான சர்ட்டிபிகேட் கேட்கிறார்கள், உனக்கும் காலேப்புக்கும் கல்யாண ஓலை கோயிலில் வாசிக்க நாளாகிறது, எங்கே வைத்தாய், எந்தப் பெட்டி, நீலப் பெட்டியா... கேபினில் நின்று பேசி முடித்து வெளியே வந்தால் மூன்றாவது லோரி காலியாகி, கழுவிக்கொண்டிருந்தார்கள். அளக்க ஒரு கைப்பிடி மிச்சமில்லை. அப்போதுதான் புனிதா அக்கா நினைவுக்கு வந்தாள், இவளுக்கு முன் இங்கே கியூசியாக இருந்தவள், "எப்பவும் ரெண்டு கியூப் கூடப் போட்டு வச்சுக்கோலா, எது எப்ப காலை வாரும்னு தெரியாது," என்பாள். இரண்டாவது லோரியின் உபரிக் கியூப் இரண்டு இருந்தன, மேல்பக்கம் இன்னும் ஈரமாக. ஆணியால் 2 என்பதைத் தேய்த்து 3 என்று கீறினாள். எவ்வளவு எளிதாக இருந்தது! இளக்கம் நூறு மில்லிமீட்டர் என்று எழுதினாள், அளக்காமலே. காலேப் குடையோடு வந்து, குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

அதோடு மறந்திருப்பாள். எல்லோரும் செய்வதுதானே, மூன்றும் ஒரே ஆலையிலிருந்து வருவதுதானே... நேற்று மாலை திருமுருகன் அண்ணன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால். அறந்தாங்கிப் பக்கமிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், தளம் நிரவுகிற ஆட்களுக்குத் தலைவர். "அன்னைக்கு மூணாவது லோரி தண்ணியா ஓடுச்சு மேடம். டிரைவர் பைப்பத் தொறந்து உட்டுட்டான் போல. எங்களுக்கு நிரவ சுளுவாப் போச்சு," என்று வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தார். தண்ணீர் கூடினால் பலம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாதா, அல்லது அதைக் கவனிக்கத்தான் மேடம் இருக்கிறாரே என்று நினைத்தாரா? இன்று தளத்துக்குக் கீழே நின்று முட்டுகளைத் தட்டி எடுக்கப் போகிறவர்கள் அவரும் அவர் ஆட்களும்தான்.

சொன்னால் என்ன ஆகும்? வேலை நிரந்தரமாகும் கடிதம் வராது. தளத்தில் துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள், எல்லாம் நிற்கும். காலேப்பும் மாட்டுவான், சூப்பர்வைசர் ஆகி மூன்று மாதம்தான் ஆகிறது. போன ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள், இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது, அதற்குள் அவனிடம், உன் நம்பிக்கையை ஏமாற்றிவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? மன்னிப்பானா? பாடாங் ஜாவா போயிற்று. புக்கிட் படாக். கிள்ளானில் ஒரு கூட்டம் இறங்கியது. கடைசிக்கு முந்தைய நிலையமும் போயிற்று. மணி ஒன்பது பத்து. போய்ச் சேர்ந்து நேரில் சொல்லலாம் என்றால், இன்று பார்த்து சீக்கிரம் தொடங்கிவிட்டால்... கை தானாகப் போனை எடுத்தது.

"எங்க இருக்க? உனக்கு ரொட்டி சானாய் கட்டி வச்சிருக்கேன்," என்றான் காலேப்.

"காலேப், ப்ராப்ஸ் கழட்ட விடாத. மூணாவது லோரிக்கு கியூப்பே இல்ல. அது ரெண்டாவதோடது. நம்பர நான்தான் மாத்துனேன்."

இரும்பில் சுத்தியல் விழும் சத்தம் கேட்டது.

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"நீ கீறுனதப் பார்த்தேன் ஸ்டெஃபி. விடு. உனக்கு லெட்டர் வர்ற நேரம், கல்யாண நேரம். ஒண்ணும் ஆகாதுலா."

"அது என்ன சத்தம்? திருமுருகன் அண்ணே எங்க?"

"கீழதான். மழை வர்ற மாதிரி இருக்குன்னு இப்பதான் ஆரம்பிச்சாங்க."

"வெளிய வரச் சொல்லு. இப்பவே. நான் லைன்ல இருக்கேன்."

அவன் ஓடும் சத்தம். "அண்ணே! எல்லாரும் வெளிய வாங்க! விட்டுட்டு வாங்கண்ணே!" சுத்தியல் நின்றது. யாரோ, என்ன ஆச்சு என்று கேட்டது தூரத்தில் விழுந்தது. மூச்சிரைக்க மறுபடி வந்தான். "வந்துட்டாங்க. போதுமா? நீ இன்னிக்கு லீவு போட்டுடு. பாஸ்கிட்ட நான் பேசிக்கிறேன். உன் பேரே வராது."

ஏமாந்தவனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வழியெல்லாம் வார்த்தை தேடி வந்தாள். இவனிடம் சொல்ல அதில் ஒன்றுமில்லையே... பதினான்கு நாளாகத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான், ஓலை வாசித்தபோது கையைப் பிடித்துக்கொண்டான், அந்தக் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. எனக்காகத்தான். என் மேல் இருக்கும் அன்பினால்தான், அதில் சந்தேகமே இல்லை, அந்த அன்புக்குக் கீழேதான் சற்றுமுன் வரை ஐந்து பேர் நின்று முட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்...

"என் பேரு வரட்டும்," என்றாள்.

உன் பேரும் வரணும் என்பதைச் சொல்லாமல் பையைத் தோளில் மாட்டினாள். கடைசி நிலையம், கதவு திறந்தது, எல்லோரும் இறங்கினார்கள். "ஸ்டெஃபி? ஹலோ? இருக்கியா?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.