மைக் முன்னால் வெள்ளையம்மா

லாபிஸ் பட்டணத்துக் கடைவரிசையின் மாடியில் இருக்கும் சமூக வானொலியில், சனிக்கிழமை காலை மூன்று நிமிடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. இந்த வாரம் நம் லோஷினியின் முறை. படிவம் மூன்றில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், படிக்கிறாள். வெள்ளி மாலைக்குள் ஒரு பேட்டி எடுத்துக் கொடுக்காவிட்டால், அந்த நேரத்தில் பாட்டுப் போட்டுவிடுவார்கள். அவளோ வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நேராக வெள்ளையம்மா தேங்காய்ப்பால் சோறு விற்கும் நாசி லெமாக் கடைக்குப் போனாள். வெள்ளையம்மா பேசினால் வரிசையில் நிற்பவர்களுக்குப் பசி மறந்துபோகும். ஆனால் பாருங்கள், கைப்பேசியில் மைக்கைச் செருகி நீட்டியதும் அந்தப் பேச்சு எங்கோ போய்விட்டது.

“வணக்கம், அன்பார்ந்த நேயர்களே. நான் கடந்த இருபத்திரண்டு ஆண்டுகளாக உணவு வணிகத்தில் ஈடுபட்டு வருகிறேன்.”

“ஆண்ட்டி, சாதாரணமா பேசுங்க லா.”

“சாதாரணமாகவே உரையாடுகிறேன்.”

மூன்று முறை எடுத்தாள். மூன்றும் செய்தி அறிக்கைதான். சோர்ந்துபோய், “போதும் ஆண்ட்டி,” என்று மைக்கை மேசையில் வைத்தாள், நிறுத்த மறந்துவிட்டாள். அந்நேரம் பார்த்து, செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் ஐயாசாமி வந்து இரண்டு முட்டை கேட்டார்.

“ரெண்டா? டாக்டர் ஒண்ணுகூட வேணாம்னுட்டாராம். ஒங்க வீட்டுக்காரம்மா காலையிலயே போன் போட்டுட்டாங்க. இந்தாங்க வெள்ளரிக்கா, நாலு துண்டா வச்சுக்குங்க.”

கடையே சிரித்தது. லோஷினி குனிந்து பார்த்தாள். அத்தனையும் பதிவாகியிருந்தது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்தான். ஆனால் வானொலியில் பழக்கிவிடும் தேன்மொழி அக்கா முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தாள்: மைக் திறந்திருப்பது பேசுகிறவருக்குத் தெரிய வேண்டும்.

“ஆண்ட்டி, இப்ப பேசுனது பதிவாயிடுச்சு. போடலாமா?”

“அலமாக், ஐயையோ! ஐயாசாமி ஒடம்பு கதை ஊருக்கெல்லாம் எதுக்கு? அழிச்சிரு.”

விரல் கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் வெள்ளையம்மா பார்க்கும்படியே அழித்தாள்.

“மூஞ்சி ஏன்டி உப்பில்லாத சம்பல் மாதிரி இருக்கு?”

“நாளைக்குப் போட ஒண்ணுமே இல்ல ஆண்ட்டி.”

வெள்ளையம்மா கையைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடுங்கினார். “இப்ப நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு. சாப்டியா?”

லோஷினி அவசரமாகப் பதிவை அழுத்தினாள். “இல்ல. ஆண்ட்டி, செவப்புப் புள்ளி எரியுது பாருங்க. ரேடியோவுல வரும்.”

“வரட்டும். ஏன் சாப்டல? ரேடியோக்காரிக்கு வயிறு கெடையாதா? நான் கடை போட்ட மொத நாளும் இப்படித்தான். ஊருக்கெல்லாம் கட்டிக் குடுத்துட்டு, எனக்கு ஒரு பருக்கை இல்ல…”

மூன்று நிமிடத்துக்குப் பதினோரு நிமிடம் கிடைத்தது. எதை வெட்டுவது என்பதுதான் அன்று மாலை அவளுக்கிருந்த ஒரே கவலை.

மறுநாள் காலை கடையில் வானொலி சத்தமாக ஓடியது. வரிசை நகரவில்லை. கடைசியில் லோஷினியின் குரல்: “பேட்டி கண்டவர், வெள்ளையம்மா. பதில் சொன்னது நான், லோஷினி.”

வெள்ளையம்மா கரண்டியோடு அப்படியே நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. இதுதான் சமயம் என்று ஐயாசாமி தட்டை நீட்டினார்.

“பெரிய ரேடியோக்காரங்க ஆயிட்டீங்க. இன்னிக்காவது ஒரு முட்டை?”

“பாதி,” என்றார் வெள்ளையம்மா.