இதயம் மட்டும் நல்லா இருக்காம்

...நல்லா இருக்காம், இதயம் ரொம்ப நல்லா இருக்காம், கோட்டுப் பையில் கையை விட்டபடி வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போகிறாள் அந்த டாக்டர் வெலெவா, ஆபத்தெல்லாம் தாண்டியாச்சு, சந்தோஷமா இருங்க என்று. சந்தோஷமா? நெஞ்சு பிளந்து கிடக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருக்க வேண்டுமா? ராத்காவுக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. கட்டிலில் அவள் கணவன் ஸ்தோயில் மல்லாந்து கிடந்தான். நெஞ்செலும்பை அறுத்து, காலிலிருந்து ரத்தக்குழாயை உருவி இதயத்தில் வைத்துத் தைத்து மூன்று வாரம் ஆகப்போகிறது. தைத்த இடம் கூடவில்லை, சீழ் வைத்தது, மறுபடி பிரித்தார்கள், இப்போது புண்ணுக்குள் பஞ்சை அடைத்து அதிலிருந்து ஒரு குழாய் தரையிலிருக்கும் பெட்டிக்கு, அந்தப் பெட்டி ஓயாமல் உர்ர்ரென்று உறிஞ்சுகிறது. காலில் வெட்டிய இடமும் கசிகிறது. சர்க்கரை இருக்கறவங்களுக்கு ஆற நாளாகும்மா, பொறுத்துக்கங்க என்கிறாள் நர்ஸ். யாரிடம் சொல்கிறாள்? சர்க்கரையைப் பற்றி ராத்காவிடமா? அவன் விரல் நுனியில் குத்திக் குத்தி ரத்தம் எடுத்தது யார், வயிற்றில் ஊசி போட்டது யார், கால் விரல் இடுக்கெல்லாம் துடைத்து வெடிப்பு இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தது யார், அவனா? அவன் லாரியை எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போய்விடுவான், துணியோடு ஊசிமருந்தையும் கட்டிக் கொடுத்தால் அது அப்படியே திரும்பி வரும், இருக்கைக்கு அடியில் லோக்கும் மிட்டாய்ப் பெட்டி காலியாகக் கிடக்கும், கேட்டால், ஒண்ணே ஒண்ணுதான் தின்னேன், தூக்கம் வந்துச்சு என்பான். ஒன்றா? பெட்டியா ஒன்று?

பக்கத்துக் கட்டிலில் மின்ச்சோ சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். ஸ்தோயிலுக்குப் பிறகு வந்தவன், அதே அறுவை, அதே டாக்டர், முன்னால் வீட்டுக்குப் போகிறான். வாழ்நாளெல்லாம் புகைத்தவன், பிளம் சாராயம் காய்ச்சி ஊருக்கே ஊற்றியவன், ஆனால் சர்க்கரை இல்லை, அதனால் தைத்த நெஞ்சு ஜிப்பு போட்டது போல மூடிக்கொண்டது... இது என்ன நியாயம், யாரைப் போய்க் கேட்பது? அவன் பெண்டாட்டி பென்கா நல்லவள்தான், அதுதான் இன்னும் எரிச்சல். "அக்கா, பானித்சா சுட்டுக் கொண்டாந்தேன், சீஸ் வச்சது, ஒரு துண்டு சாப்பிடுங்க. உங்க ஆளும் சீக்கிரம் வந்துடுவாரு பாருங்க" என்று நீட்டினாள். பசிக்கலை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் ராத்கா. மின்ச்சோ குனிந்து, "டேய் ஸ்தோயில், திராட்சை பறிக்க ஆள் இல்லடா, எந்திரிச்சு வந்து சேரு" என்றான். இவன் நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொண்டு சிரிக்கிறான், சிரித்தால் வலிக்கும், இருந்தாலும் சிரிக்கிறான், "எஞ்சின் புதுசு மின்ச்சோ, பாடிதான் பட்டறைல கெடக்கு." அறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் வேடிக்கை காட்டுவான், வீட்டுக்கு வந்தால் அவளுக்கு மட்டும் அந்தப் பட்டறை.

அன்றைக்கு டாக்டர் அறையிலும் இப்படித்தானே... ரெண்டு வழி இருக்கு, ஸ்டென்ட் வச்சா ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம், ஆனா சர்க்கரை உள்ளவங்களுக்கு, அதுவும் மூணு குழாயிலயும் அடைப்பு இருக்கும்போது, மறுபடி மறுபடி அடைக்கும். நெஞ்சைத் திறந்து செஞ்சா புண்ணு தொல்லை வரலாம், ஆனா தாண்டிட்டா ஆயுசு கூடும் என்று வெலெவா பொறுமையாகத்தான் சொன்னாள், மறைக்கவில்லை. ஸ்தோயில் டாக்டரிடம் எதையும் கேட்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை, நேரே ராத்காவின் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றான். தன் நெஞ்சு, தன் உயிர், அதையும் நீ சொல்லு! சொன்னாள். பண்ணுங்க என்றாள். வலென்சியாவில் மகள் கெர்கானா பிள்ளை பெற்றுவிட்டுத் தனியாகத் திண்டாடுகிறாள், அம்மா எப்ப வர்ற, எப்ப வர்ற என்று போனில் அழுகிறாள், எப்போது போவது, இந்தப் பெட்டி உறிஞ்சி முடித்த பிறகா, அதற்குப் பிறகு கால் புண்ணா, அதற்குப் பிறகு கண்ணா, சிறுநீரகமா... ஆயுசு கூடுமாம். யாருடைய ஆயுசிலிருந்து எடுத்துக் கூட்டுவார்கள்?

மின்ச்சோவும் பென்காவும் போய்விட்டார்கள். மதியச் சாப்பாட்டு வண்டி வந்தது, உப்பில்லாத கோழிச் சூப், வெந்த கேரட். தலைமாட்டை உயர்த்திவிட்டு, அவன் கழுத்தில் துண்டைக் கொஞ்சம் அழுத்தமாகவே செருகினாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோவமா இருக்கியா?"

"யார் மேல?"

"என் மேலதான். வேற யாரு இருக்கா உனக்கு."

வாயில் வந்ததை அவள் விழுங்கினாள். ஆமாம், உன் மேல்தான், உன் லோக்கும் மேல், உன் சிரிப்பின் மேல்... ஆனால் கரண்டி பாதியில் நின்றது. போன வாரம் அவனுக்குக் காய்ச்சல் ஏறி, உதறி உதறி, ஆளே அடையாளம் தெரியாமல் பிதற்றிக்கொண்டிருந்தபோது, எதுவும் சொல்வதற்கில்லை என்று இதே வெலெவா கண்ணைத் தாழ்த்திக்கொண்டபோது, அவள் இந்த நாற்காலியில் எவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருந்தாள். அவன் கையைப் பிடித்திருந்தாள். அன்பாகக்கூட இருந்தாள். ஒரு சுடுசொல் மனதில் வரவில்லை, ஒருவர் மேலும். கோபம் இன்று காலையில்தான் வந்தது, பிழைத்துவிட்டான் என்று சொன்ன பிறகுதான்... அப்படியானால் அன்று அவளுக்குள் இருந்தது துக்கம்தானா, இல்லை...

"ராத்கா," என்றான் ஸ்தோயில், வாயைத் திறந்து காத்திருந்துவிட்டு, "சூப்பு ஆறுது."