ஊற்று எழும்பாத மத்தியானம்

1

இந்தக் கதை எனக்கு வேலி வழியாகக் கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். என் பீன்ஸ் கொடிகள் ஹில்ட்ரூட் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே படர்ந்தால் நான் என்ன செய்வது?

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அன்றும் ஊற்று வழக்கம்போல் எழும்பி—’

அடித்துவிட்டேன். அன்று எழும்பவில்லை.

எங்கள் ஐஃபல் மலைக் கிராமத்தில், பூமிக்குள்ளிருந்து வரும் கரியமில வாயு சில்லென்ற தண்ணீரை ஆளுயரத்துக்குத் தள்ளும், அடங்கும், மறுபடி தள்ளும். அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் உருளைக்கிழங்கை அடுப்பிலிருந்து இறக்குவோம். தினமும் கேட்கிற சத்தம் நின்றுபோனால் காதுக்கு உறைப்பதில்லை. அன்று ஊரே குழைந்த கிழங்கைத் தின்றது. ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.

2

ஹில்ட்ரூட்டின் கணவர் ஓட்மாரைப் பாத்திரமாக்குவதில் எனக்குத் தயக்கம். சண்டை வந்தால் நிலவறையில் போய் உட்கார்ந்துகொள்ளும் கிழவரை யார் நம்புவார்கள்? அன்றைய சண்டையை அப்படியே தருகிறேன்.

“உங்க ஆப்பிள் மதுவுல ஜன்னல் தொடைக்கலாம்னு என் தம்பி சொல்றான்.”

“மொதல்ல அவன் நாக்கத் தொடைக்கச் சொல்லு. நான் கீழ போறேன்.”

“போங்க. பீப்பாயோடயே குடும்பம் நடத்துங்க!”

(நிலவறைக்கு இறங்கும்போது மெழுகுவத்தியை முழங்காலுக்குக் கீழே பிடிப்பது எங்கள் ஊர் வழக்கம். ஊற்றைத் தள்ளும் அதே வாயு அங்கும் கசிந்து தரையோடு தேங்கும், மூச்சை அடைத்துவிடும். சுடர் அணைந்தால் திரும்பிவிட வேண்டும். ஆனால் கோபித்துக்கொண்டு போகிறவர் நின்று தீப்பெட்டி தேடுவாரா? அப்புறம் கோபத்துக்கு என்ன மரியாதை?)

3

“ப்ளம் கேக் வெட்டிட்டேன்!” என்று ஹில்ட்ரூட் நிலவறைக் கதவைத் திறந்து கத்தினாள். அவர் ஏறி வரவில்லை. ஓட்மாரின் எந்தக் கோபமும் கேக்கைத் தாண்டியதில்லை.

வேலியில் நின்றபடி கேட்டேன்: “ஏண்டி, இன்னிக்கு ஊத்து சத்தம் கேட்டியா?”

அவள் கையில் கத்தி அப்படியே நின்றது.

நான் ஓடினேன். தீயணைப்புக்காரர்களுக்குப் போன் போட்டோம். சுவாச முகமூடியோடு அவர்கள் பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும். துடைப்பக் கம்பின் நுனியில் மெழுகுவத்தியைக் கட்டி இறக்கினோம். மூன்றாம் படியில், யாரோ விரலால் நசுக்கியதுபோல் அணைந்தது. புகை மேலே வரவில்லை. படியை ஒட்டி, விரித்த போர்வையாகப் படிந்தது. அந்தப் போர்வை மெல்ல எழும்பியது. தாழ்ந்தது. மறுபடி எழும்பியது.

“அவருதான். மூச்சு விடறாரு.”

“ஊத்தும் அப்படித்தாண்டி விடும். வழி மாறி இங்க வந்திருக்கு.”

4

முடிவு ஒன்று: ஓட்மார் பின்பக்கமாக நழுவி, மதுக்கடையில் சீட்டாடிக்கொண்டு—

இல்லை. அவர் தொப்பி ஆணியில் தொங்குகிறது. தொப்பியில்லாமல் அவர் வீதியில் இறங்கி நான் பார்த்ததில்லை. நான் பார்க்காமல் அவர் இறங்கியதும் இல்லை.

முடிவு இரண்டு: ‘கடைசிப் படியில், முகம் குப்புற—’

இதை எழுத மாட்டேன்.

முடிவு மூன்றை ஹில்ட்ரூட்டே ஆரம்பித்துவிட்டாள். முதல் படியில் கால் வைத்துவிட்டாள்.

“விடுடி. மூச்சப் புடிச்சுக்கிட்டு போயிட்டு வந்துடறேன்.”

“கீழ ஒருத்தர் போதும்டி.”

“ஒனக்கென்ன, நாளைக்குப் பேச ஒரு கத கெடைக்கும். விடு!”

சைரன் இன்னும் கேட்கவில்லை. புகை எழும்பி, தாழாமல் பாதியில் நிற்கிறது. அவள் சட்டையை வலது கையால் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். நான் எழுதுவதும் இந்தக் கையால்தான். அடுத்த வரி வேண்டுமென்றால் பிடியை விட வேண்டும்.

எழுதட்டுமா? சொல்லுங்கள்.