நாற்பத்திரண்டாவது வீடு

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் வீடு வீடாக ஏறி இறங்கிப் பொருத்தம் கேட்பது, அதாவது மன்னிப்பு வாங்குவது, எங்கள் ஊர் வழக்கம். “தெரிஞ்சும் தெரியாமலும் நான் செஞ்சதை எல்லாம் பொருந்திக்கணும்” என்று போகிறவர் சொல்ல வேண்டும். “பொருந்திக்கிட்டேன்” என்று வீட்டுக்காரர்கள் சொல்ல வேண்டும். ஒருவர் மனதில் கசப்பை விட்டுவைத்துப் போனாலும் அங்கே போய்ச் செய்கிற ஹஜ்ஜு தேறாது என்பது எல்லோருடைய பயமும். இந்தத் தடவை கிளம்புகிற உண்ணீன்குட்டி மூன்று நாளில் நாற்பத்தோரு வீடு முடித்திருந்தார். பாக்கி ஒன்றே ஒன்று. கூடப் பிறந்த தங்கை பிய்யாத்துவின் வீடு.

தங்கை வீட்டை ஏன் கடைசிக்கு வைத்தார் என்று கேட்டால், சொந்தம்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பார். பொய். அந்த வீட்டுப் பக்கமே தலைகாட்டாமல் மூன்று நாளையும் கடத்தியிருந்தார்.

மறுமையில் கிடைக்கப் போகிற நன்மைக்கு எங்கள் பக்கம் கூலி என்றுதான் பெயர். உண்ணீன்குட்டிக்கு ஊர் வைத்த பெயரும் அதை ஒட்டித்தான்: கூலி உண்ணீன். பள்ளிவாசலுக்கு நடக்கிற ஒவ்வோர் எட்டுக்கும் கூலி உண்டு என்று எந்தக் காலத்திலோ ஓதிக்கொடுக்கிற முசலியார் சொல்லக் கேட்டவர், அன்றிலிருந்து பாக்குத் தோப்புக் குறுக்குவழியை விட்டுவிட்டு ஆற்றுக் கடவுப்பக்கம் சுற்றித்தான் தொழப் போவார். மழையானாலும் சரி, முழங்கால் வலியானாலும் சரி. முதல் வரிசையில் இடம் பிடிக்கத் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன்பே போய் உட்கார்ந்துகொள்வார். அந்த இடத்தை, நிற்க முடியாத ஒரு கிழவனுக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. கூலியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கிதாபிலேயே இருக்கிறதாம். இருக்கட்டும், இருக்கட்டும். கிதாபில் வேறு எவ்வளவோகூட இருக்கிறது.

அன்று காலையும் சைதாலியின் டீக்கடை வழியாகத்தான் போனார்.

“என்ன ஹாஜியாரே, இன்னிக்கு எத்தனை எட்டு நடந்தாச்சு?” என்றான் சைதாலி.

“நான் இன்னும் ஹாஜி ஆகலைடா. போயிட்டு வரட்டும்.”

“நீங்க எங்க போனா என்ன? சொர்க்கத்துல உங்களுக்கு ஏற்கெனவே நாலு வீடு கட்டி முடிஞ்சு அஞ்சாவதுக்கு ஓடு போட்டுக்கிட்டிருப்பாங்க. எங்களுக்கு வாடகைக்காவது ஒரு மூலை குடுங்க.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உண்ணீன்குட்டியும் சிரித்துவைத்தார். மற்ற நாளாக இருந்தால் இந்தக் கேலி அவருக்கு உள்ளுக்குள் இனிக்கும். அன்று இனிக்கவில்லை.

பிய்யாத்து பின்கட்டில் உரலண்டை நின்று இடித்துக்கொண்டிருந்தாள். வறுத்த தேங்காயும் மிளகாயுமாக வாசனை வேலி வரைக்கும் வந்தது. மக்காவில் நாற்பது நாள் அண்ணன் நாக்கு செத்துப்போகக் கூடாதென்று சம்மந்திப்பொடி இடிக்கிறாள். அவர் கேட்கவில்லை. அவள் தானாக இடிக்கிறாள். அதைப் பார்த்ததுமே அவருக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

“வா இக்காக்கா. எத்தனை வீடு ஆச்சு?”

“நாப்பத்தொண்ணு. இதோட நாப்பத்திரண்டு.”

“அப்ப நம்ம வீடுதான் கடைசி.”

“நீ எங்க போயிடப் போறே, சொந்தமாச்சேன்னு...”

“ஆமா. நான் எங்க போறது” என்று சொல்லி முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு பேருக்கும் நடுவே ஒரு நாள் கிடந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய நோன்பு மாதத்தின் இருபத்தாறாம் நாள். அந்த மாதத்தின் கடைசிப் பத்து நாளும் உண்ணீன்குட்டி பள்ளிவாசலிலேயே திரை கட்டித் தங்கியிருந்தார். பத்து நாளும் வெளியே வருவதில்லை என்று நேர்ச்சை. அன்று ராத்திரி இருபத்தேழாம் இரவு. ஆயிரம் மாதத்து வணக்கத்தைவிட மேலான இரவு அதுவாகத்தான் இருக்கும் என்று ஊரே விழித்திருக்கும். அன்று பிற்பகல் பக்கத்து வீட்டு அலவி ஓடிவந்து பள்ளி வாசலில் நின்றான். உம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, பிய்யாத்து கூப்பிடுகிறாள் என்றான். உண்ணீன்குட்டி திரையை விலக்கி, “நேர்ச்சை முறிஞ்சிடும்டா. இந்த ராத்திரி போகட்டும், விடியக்காலை சுப்ஹு தொழுததும் ஓடியாந்துடறேன்னு சொல்லு” என்றார். சொல்லிவிட்டுத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

உம்மா நோன்பு திறக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். மையித்தைச் சுமக்க மறுநாள் காலையில் முதல் தோள் கொடுத்தவர் உண்ணீன்குட்டிதான். அதற்கும் கூலி உண்டு; அதற்காக நேர்ச்சை முறியலாம். பெற்றவள் சாகும்போதுகூட அசையாத மனுஷன் என்று ஊரில் அவரைப் புகழ்ந்தவர்கள் உண்டு. முசலியார் மட்டும் பிற்பாடு தனியாகக் கூப்பிட்டு, “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா கையைப் பிடிச்சு வெளியே தள்ளியிருப்பேனே, ஏன்டா கேக்கலை?” என்றார். ஏன் கேட்கவில்லை? கேட்டால் போகச் சொல்லிவிடுவார் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

பிய்யாத்து அதைப் பற்றி ஒன்பது வருடமாக வாயைத் திறந்ததில்லை. பெருநாளுக்கு வந்தாள், கல்யாணத்துக்கு வந்தாள், அண்ணனுக்கு மீன் பொரித்து வைத்தாள். வாயைத் திறந்து திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

உண்ணீன்குட்டி நிமிராமல் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். “தெரிஞ்சும் தெரியாமலும் நான் செஞ்சதை எல்லாம் பொருந்திக்கணும் பிய்யாத்து.”

“பொருந்திக்கிட்டேன்” என்றாள் உடனே.

இவ்வளவுதானா என்று அவருக்கு ஆகிவிட்டது. எழுந்திருக்கப் போனார்.

“உக்காரு இக்காக்கா. ஒரு விஷயம் சொல்லணும். அன்னிக்கு அலவி வந்து சொன்னானே, நீ வரலைன்னு. உம்மா என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தா. எனக்குச் சொல்ல வாய் வரலை. இக்காக்கா பள்ளியில உனக்காகத்தான் துஆ கேட்டுக்கிட்டிருக்கார் உம்மான்னு சொல்லிட்டேன். உம்மா முகத்தைப் பாக்கணுமே! அவன் எனக்காகக் கேக்கறானா, அப்ப அவனைக் கூப்பிடாதே, கேக்கட்டும்னா. கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா, இன்னும் கேக்கறானாடின்னு கேப்பா. ஆமா உம்மா, இன்னும் கேக்கறார்னு நானும் சொல்வேன். அப்படியே போயிட்டா. உன்மேல எனக்கு அவ்வளவு கோவம் இருந்துச்சு. உம்மா சிரிச்சுக்கிட்டே போனது அதனாலதானேன்னு நினைச்சு நினைச்சுத்தான் அந்தக் கோவத்தைக் கரைச்சேன்.” உலக்கையைச் சுவரில் சாய்த்துவைத்தாள். “நோன்பு வெச்சுக்கிட்டு, சாகப் போறவகிட்டே சொன்ன வார்த்தை இக்காக்கா. அது பொய்யில்லையே? நீ அன்னிக்குக் கேட்டேதானே?”

உண்ணீன்குட்டிக்கு அந்தப் பிற்பகல் அப்படியே கண்முன் வந்தது. அலவி போனதும் திரைக்குள் உட்கார்ந்து குர்ஆனை விட்ட இடத்திலிருந்து எடுத்தார். மூன்றாவது தடவை ஓதி முடிக்க இன்னும் நாலு பாகம் இருந்தது; பொழுது சாய்கிற மஃரிபுக்குள் முடிக்க வேண்டும் என்ற பரபரப்பு. நடுநடுவே கையேந்தி துஆவும் கேட்டார். என்ன கேட்டார் என்பதுகூட மறக்கவில்லை. சொர்க்கங்களிலெல்லாம் உயர்ந்ததைக் கேட்டார். விசாரணை நாளில் வெயில் படாத நிழல் கேட்டார். நோன்பாளிகளுக்கென்று இருக்கிற தனிவாசல் வழியாகத் தன்னை உள்ளே விடச் சொன்னார். எல்லாம் எனக்கு, எனக்கு, எனக்கு. உம்மா என்ற சொல் அந்தப் பிற்பகலில் ஒரு தடவைகூட வாயில் வரவில்லை. உம்மாவைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்.

“கேட்டேன்” என்றார்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று பிய்யாத்து நெஞ்சில் கைவைத்தாள். ஒன்பது வருடத்துப் பாரம் இறங்கிய முகம். “இரு, டீ கொண்டாரேன்.”

“வேண்டாம், வேலை கிடக்கு” என்று எழுந்து விறுவிறுவென்று வேலிப்படி வரைக்கும் வந்துவிட்டார். நாற்பத்திரண்டும் ஆயிற்று. காலைத் தூக்கிப் படியில் வைத்தவருக்கு அடுத்த காலைத் தூக்க வரவில்லை. சீ, என்ன மனுஷன் நான் என்று முதலில் தோன்றியிருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. அவருக்கு முதலில் தோன்றியது வேறு: பொய் சொல்லி வாங்கிய பொருத்தம் செல்லுமா? செல்லாதே! அப்படியானால் ஹஜ்ஜு? அந்தக் கவலைதான் அவரைத் திருப்பிக்கொண்டு வந்தது. திரும்பி நடக்கும்போதே அது அவருக்குத் தெரிந்தும் இருந்தது. காது மடல் சுட்டது.

பிய்யாத்து மறுபடி இடிக்கத் தொடங்கியிருந்தாள்.

“நான் கேக்கலை.”

“என்னது?”

“அன்னிக்கு உம்மாக்காக நான் ஒண்ணும் கேக்கலை. எனக்குத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். உம்மா நினைப்பே வரலை.”

உலக்கை நின்றது. கோழி ஒன்று உரலடியில் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. அதை விரட்டக்கூட அவள் கையைத் தூக்கவில்லை.

“அப்ப நான் உம்மாகிட்டே சொன்னது பொய்.”

“அந்தப் பாவம் என்மேல இருக்கட்டும் பிய்யாத்து.”

“ஏன், பாவமும் உனக்கே வேணுமா? எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டா நாங்க எதைக் கொண்டு போறது?” அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் உடையவில்லை. “போனவன் போயிருக்கலாமே. எதுக்குத் திரும்பி வந்து சொல்றே?”

இந்த இடத்தில் நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். உண்ணீன்குட்டிக்கு அன்று இரண்டாவது பொய்க்குத் தெம்பில்லை. “பொய் சொல்லி வாங்கினா பொருத்தம் செல்லாதேன்னு...”

“அதானே பாத்தேன்!” பிய்யாத்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஓர் அறை வாங்கியிருக்கலாம் என்று இருந்தது அவருக்கு. “எனக்காகவும் வரலை, உம்மாக்காகவும் வரலை. உன் ஹஜ்ஜுக்காக வந்தே.”

 அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“சரி. ஒண்ணு செய். பொருந்திக்கறேன். அரபா மைதானத்துல நிப்பீங்கல்ல, உச்சிப்பொழுதிலேருந்து மஃரிபு வரைக்கும், கேட்டதெல்லாம் கிடைக்கற நேரம்னு சொல்வாங்களே. அந்த நேரம் முழுக்க உம்மாக்கு மட்டும் கேளு. உனக்குன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. ஒத்தை வார்த்தை. நான் சொன்ன பொய் அன்னிக்காவது நிஜமாகட்டும்.”

இது என்ன பெரிய காரியம்? பெற்ற தாய்க்கு ஒரு பிற்பகல். ஆனால் உண்ணீன்குட்டிக்குக் கை சட்டைப்பைக்குப் போயிற்று. அந்த ஒரு பிற்பகலுக்காகத்தான் முப்பது வருடம் காத்திருந்தார். அங்கே கேட்க வேண்டியதை எல்லாம் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அத்தனையையும் விடுவதா? வாயில் சரி என்ற சொல் வரவில்லை. தங்கை எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். படச்சவனே, உம்மாவுக்கு ஒரு பிற்பகல் தர எனக்கு இவ்வளவு கஷ்டமா என்று கூனிக் குறுகிப் போனார்.

அப்போதுதான் முசலியாரின் குரல் அவருக்குள் கேட்டது. எதிரில் இல்லாத ஒருவருக்காக நாம் துஆ கேட்டால், பக்கத்தில் நிற்கிற வானவர், அந்த மலக்கு, உனக்கும் அதே போல் கிடைக்கட்டும் என்று சொல்வார். அடடா! உம்மாவுக்கு உயர்ந்த சொர்க்கம் கேட்டால் தனக்கும் அதே. நிழல் கேட்டால் தனக்கும் நிழல். தன் வாயால் கேட்பதைவிட மலக்கு வாயால் கேட்பது இன்னும் மேல் அல்லவா? ஒன்றும் குறையப் போவதில்லை!

“சரி பிய்யாத்து. உம்மாக்கு மட்டும்தான் கேப்பேன்” என்றார், முகம் மலர்ந்து.

பிய்யாத்து அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அவளும் அதே முசலியாரிடம் ஓதியவள்தான்.

“மலக்கு நினைப்பு வந்துடுச்சில்ல?”

உண்ணீன்குட்டி தலையைக் குனிந்துகொண்டார். அறுபத்துமூன்று வயதில், படுக்கையில் மூத்திரம் போன பிள்ளை நிற்பது போல நின்றார். அப்படி ஒரு வெட்கத்தை அவர் ஆயுசில் பட்டதில்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அந்த வெட்கத்துக்கும் ஏதாவது கூலி உண்டா என்று தேடுகிற மனசு இது என்றும் தோன்றியது.

பிய்யாத்து பொடியை அள்ளி டப்பாவில் அடைத்து, மேலே துணி கட்டி அவர் கையில் வைத்தாள். “பொருந்திக்கிட்டேன் இக்காக்கா. நிஜமாத்தான். உன் லட்சணம் தெரிஞ்சே பொருந்திக்கிட்டேன். காரம் கொஞ்சம் தூக்கல், பாத்துச் சாப்பிடு.”

நாற்பத்தோரு வீட்டிலும் எங்களுக்காக இதைக் கேளுங்கள், அதைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. உனக்கு என்ன கேட்கட்டும் என்று கேட்க அவருக்கும் தைரியம் வரவில்லை.

பாக்குத் தோப்புக் குறுக்குவழியாகவே நடந்தார். வழி மாறியது பாதி தூரம் போன பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்குப் பின்னால் கபரடியில், உம்மாவை அடக்கிய இடத்துத் தலைமாட்டு மீசான் கல் மழைக்குப் பாசி பிடித்துக் கிடந்தது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கையேந்தினார். உம்மாவின் பெயரைச் சொல்லி வாயைத் திறந்ததுமே, பக்கத்தில் மலக்கு வந்து நின்றுவிட்டார் என்று பட்டது. கையை இறக்கினார். இன்னொரு தடவை ஏந்தினார். இன்னொரு தடவை இறக்கினார்.

கடைசியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, படச்சவனை விட்டுவிட்டு உம்மாவிடமே பேசினார்.

“உம்மா, நான் அன்னிக்கு வரலை. உனக்காகக் கேக்கவும் இல்லை. பிய்யாத்து சும்மா சொன்னா.”

இப்படிச் சொல்வதற்குக் கூலி உண்டு என்று எந்த முசலியாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். முதல் வரிசை நிறைந்துகொண்டிருக்கும். அவர் நின்ற இடத்திலேயே நின்று அதை இன்னொரு தடவை சொன்னார்.