உட்காராத விருந்தாளி

ஆங்கீரச வருஷம் மாசி மாதத்தில் கோயமுத்தூர்ப் பக்கம் கணபதி என்ற ஊரில் நஞ்சுண்டன் இரண்டு குழிகள் வெட்டினான். ஒன்று தோட்டத்துக் கிணறு. மற்றது, அந்தக் கிணற்றுக்காக வீட்டையும் தோட்டத்தையும் அடமானம் வைத்து வாங்கிய அறுநூறு ரூபாய்க் கடன். கிணறு நாற்பதாவது அடியில் தண்ணீர் கண்டு, நல்ல பிள்ளையாக நின்றுவிட்டது. கடனுக்கு அப்படிப்பட்ட குணமெல்லாம் கிடையாது.

பணம் கொடுத்தவர் சரவணம்பட்டிச் செங்கோட்டையக் கவுண்டர். நஞ்சுண்டனுக்கு மாமன் முறை, அவன் மனைவிக்குப் பெரியப்பன் முறை. சொந்தம் என்பதால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கு மேல் வட்டி கேட்கவில்லை. சொந்தம் என்பதால் அதற்குக் கீழே இறங்கவும் இல்லை. பத்திரம் பத்து வருஷத்துக்கு. ஒவ்வொரு வருஷமும் மாசி முடிவதற்குள் வட்டி எழுபத்திரண்டு ரூபாய் கட்ட வேண்டும். முன்கூட்டியே கடனை அடைக்க ஆசைப்பட்டால், ஏதாவது ஒரு மாசி மாதத்துக்குள் அசலையும் சேர்த்துக் கொடுத்துப் பத்திரத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மாசி தாண்டினால் அடுத்த மாசிதான்.

இந்த ஷரத்தை எழுதும்போது கவுண்டர் சிரித்தார். பத்திரம் எழுதிய அமீர் ஹம்சாவும் சிரித்தார். கடன் வாங்குகிற நஞ்சுண்டன் மரியாதைக்காகச் சிரித்தான். சிரிக்காதவள் அவன் மனைவி நாச்சியம்மாள் ஒருத்திதான். அவள் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பத்து வருஷத்துக்கு வட்டியே எழுநூத்தி இருபது வருதுங்க. வாங்கறது அறுநூறுதானுங்களே?"

"அதுக்குப் பேருதான் புள்ள கடன்" என்றான் நஞ்சுண்டன். அவன் மில்லில் பிட்டர். சிக்கலான இயந்திரங்களை எளிதாக விளக்கக் கூடியவன்.

அன்று முதல் வீட்டு வரவுசெலவு நாச்சியம்மாள் கைக்குப் போயிற்று. யாரும் கொடுக்கவில்லை, தானாகப் போயிற்று. சம்பளம் இருபத்திநாலு ரூபாயில் பத்து ரூபாய் வீட்டு நிலைப்படியைப் பார்க்காமலே போஸ்டாபீஸ் சேமிப்புக்குச் சென்றது. வெண்ணெய் விற்ற காசும் பருத்தி விற்ற காசும் வழி கேட்டுக்கொண்டு அதன் பின்னாலேயே சென்றன. தோட்டத்தில் விளைவதைத்தான் சாப்பிடுவது என்று சட்டம் வந்தது. அந்த வருஷம் கத்தரிக்காய் விளைந்தது. அடுத்த வருஷம், மாறுதலுக்காக, வேறு நிறக் கத்தரிக்காய் விளைந்தது.

பேசும் படம் பார்க்கப் போகக் கூடாது. பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்லக் கேட்டுக்கொள்ளலாம். காப்பி விருந்தாளிக்கு மட்டும். இந்தக் கடைசிச் சட்டம் வந்த மாதத்திலிருந்து நஞ்சுண்டனுக்குச் சிநேகிதர்கள் பெருகினார்கள். "பாவம், நெம்பத் தூரத்துல இருந்து வந்திருக்காரு" என்று சொல்லித் தினம் ஒருவரைக் கூட்டி வந்தான். அவர்களில் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர். நாச்சியம்மாள் கோபப்படவில்லை. சட்டத்தைத் திருத்தினாள்: வந்தவருக்குக் காப்பி, கூட்டி வந்தவருக்கு மோர். சிநேகிதர்கள் குறைந்தார்கள்.

இப்படி நான்கு வருஷம். தாது வருஷம் மாசி பிறந்தபோது போஸ்டாபீஸ் புத்தகத்தில் அறுநூற்று எழுபத்திரண்டு ரூபாயும், நஞ்சுண்டன் முகத்தில் ஒரு துறவியின் களையும் சேர்ந்திருந்தன. அதோடு, மின்சாரக் கம்பம் தோட்டத்து வரப்பு வரைக்கும் வந்து நின்றது. மோட்டாரைத் தவணைக்குக் கொடுக்க ஒரு கடைக்காரர் தயார். ஆனால் நிலத்துப் பத்திரம் கையில் இருக்க வேண்டும். இந்த மாசிக்குள் பத்திரம் வந்தால் சித்திரையில் மோட்டார் ஓடும். வராவிட்டால் மாடு கட்டி இறைக்க இன்னொரு வருஷம், தண்டமாக இன்னொரு எழுபத்திரண்டு ரூபாய். அவ்வளவுதான் விஷயம். நாச்சியம்மாள் பணத்தை எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, புருஷனிடம் கொடுத்து அனுப்பினாள்.

நஞ்சுண்டன் சாயங்காலம் திரும்பினான். மஞ்சள் முடிச்சும் திரும்பியது. கூடவே ஒரு வாழைத்தாரும் வந்தது.

"என்னங்க இது?"

"கறிச்சோறு ஆக்கிப்போட்டாங்க புள்ள. சாப்புட்டுப்போட்டு அப்பறம் எப்படிப் பணப்பேச்சு பேசறது?"

இதை மற்ற ஜில்லாக்காரர்களுக்கு விளக்க வேண்டும். அந்தப் பக்கத்தில், ஒரு வீட்டில் கை நனைத்த பிறகு அன்றைக்கு அந்த வீட்டில் கொடுக்கல் வாங்கல் பேசுவது மரியாதை இல்லை. கடன் கேட்க வந்தவர்களைச் சமாளிக்க யாரோ ஒரு புத்திசாலி ஏற்படுத்திய வழக்கமாக இருக்கலாம். கடனைத் திருப்ப வந்தவனைச் சமாளிக்க அதை உபயோகித்த பெருமை செங்கோட்டையக் கவுண்டரைச் சேரும். வருஷம் எழுபத்திரண்டு ரூபாய் பால் கறக்கிற மாட்டை யார் சந்தைக்கு ஓட்டுவார்கள்?

"சரி, சாப்புடறதுக்கு முன்னால பேசறதுதானுங்களே?"

"உள்ளே போனதும் எலையப் போட்டுட்டாங்க."

இரண்டாம் தடவை பணியாரம். மூன்றாம் தடவை, நாச்சியம்மாள் சொல்லி அனுப்பியபடி, நஞ்சுண்டன் வயிறு சரியில்லை என்றான். கவுண்டர் மனைவி தெய்வாத்தாள் உடனே சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அதுவும் கை நனைத்ததுதான். மூன்று தடவையும் முடிச்சு அவிழவில்லை. கடனைத் திருப்பிக் கொடுக்கப் போய், கொடுக்கக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்தவன் கோயமுத்தூர் தாலுகாவில் அவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

"இன்னும் ரெண்டு நாள்தானுங்க இருக்குது" என்றாள் நாச்சியம்மாள்.

"கடைசி நாள் போகவே முடியாது. போத்தனூர்ல இருந்து அவங்க சம்பந்தி வாராங்களாம். மவனுக்குப் பொண்ணு பேசி முடிச்சிருக்காங்க. அன்னைக்கு விருந்து. என்னையும் சாப்புட வரச் சொன்னாங்க."

நாச்சியம்மாள் மஞ்சள் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிக் கட்டினாள்.

"நீங்க மில்லுக்குப் போங்க. நான் சாப்புடப் போறேன்."

மாசி கடைசி நாள் காலை பதினொரு மணிக்கு சரவணம்பட்டியில் ஒரு மாட்டு வண்டி நின்றது. நாச்சியம்மாள் இறங்கினாள். பின்னால் மைக்கூடும் பேனாவுமாக அமீர் ஹம்சா இறங்கினார். வழியெல்லாம் அவருக்குப் பாடம் நடந்திருந்தது.

"பாய், தண்ணி குடுத்தாக்கூட வாங்கிப்போடாதீங்க. நான் உக்கார்ற வரைக்கும் உக்காராதீங்க."

"அதுக்கென்ன அம்மணி, நின்னா என்ன, கால் தேஞ்சா போயிரும்" என்றார் அமீர் ஹம்சா. அப்போது அவர் வாசலில்தான் இருந்தார். ஒப்புட்டுப் போளி சுடுகிற நெய் வாசம் இன்னும் அவரை எட்டவில்லை.

முன்கூடத்தில் பாய் விரித்திருந்தது. தெய்வாத்தாள் ஓடி வந்தாள். "வா கண்ணு, வாங்க பாய். உக்காருங்க, மோர் கொண்டாறேன்."

"இருக்கட்டுங்க பெரியம்மா. பெரியப்பனைப் பாத்து ஒரு வார்த்தை பேசிப்போட்டு உக்காந்துக்கறேனுங்க."

கவுண்டர் வந்தார். முடிச்சைப் பார்த்தார். மலர்ந்து சிரித்தார். "அடடே, அம்மணியா! மொதல்ல உக்காரு. சாப்புட்டுப்போட்டுப் பேசலாம்."

"பேசிப்போட்டுச் சாப்புடலாமுங்க பெரியப்பா. அசல் அறுநூறு, இந்த வருஷத்து வட்டி எழுவத்திரெண்டு. எண்ணி வாங்கிக்கோங்க."

"பணம் எங்கீம்மா ஓடிப்போவுது? உக்காரு."

"இருக்கட்டுங்க."

நாச்சியம்மாள் முடிச்சை இரண்டு கையாலும் நீட்டியபடி நின்றாள். கவுண்டரின் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. நிற்கும் விருந்தாளி முன்னால் வீட்டுக்காரர் உட்கார முடியாது. அதனால் அவரும் நின்றார். அவர் நிற்பதால் தெய்வாத்தாள் நின்றாள். வேறு நாளாயிருந்தால் தோட்டத்துப் பக்கம் வேலை இருப்பதாகக் கவுண்டர் நழுவியிருப்பார். சம்பந்தி வருகிற நாளில் வாசலை விட்டு நகர முடியாது. நாச்சியம்மாள் அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம்.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டரைக்குச் சாப்பிடாவிட்டால் கவுண்டருக்குக் கண் இருட்டும் என்பது ஊருக்கே தெரியும்.

"அம்மணி," என்று அமீர் ஹம்சா காதோரம் கேட்டார், "நான் மட்டும் கொஞ்சம் சாஞ்சுக்கட்டுங்களா? உக்கார மாட்டேனுங்க. சாயறது கணக்குல வராதுங்களே?"

"நேரா நில்லுங்க பாய்."

பன்னிரண்டே காலுக்குப் போத்தனூர்ச் சம்பந்தி பொங்கியண்ணன், இரண்டு பெரியவர்களுடன் வந்து சேர்ந்தார். இலைகள் போட்டாயிற்று. தண்ணீரும் தெளித்தாயிற்று. "உக்காருங்க சம்பந்தி" என்றார் கவுண்டர், கெஞ்சுகிற குரலில்.

"அம்மணி நிக்குதுங்களே. நாங்க எப்படீங்க உக்கார்றது?"

"அவங்க நிக்கறாங்க, நீங்க உக்காருங்க."

"அதெப்படீங்க? நீங்க உக்காருங்க."

"நீங்க மொதல்ல உக்காருங்க."

ஏழு பேர் ஏழு வெற்று இலைகளைச் சுற்றி, ஒருவருக்கொருவர் உட்காரச் சொல்லியபடி, மிக மரியாதையாக நின்றார்கள். அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தது ஒரு பூனை மட்டும். சமையலறையில் ஒப்புட்டு ஆறிக்கொண்டிருந்தது. தெய்வாத்தாள் புருஷனைப் பார்த்த பார்வையில் அது மறுபடி சூடாகியிருக்கும்.

கடைசியில் பொங்கியண்ணன் கேட்டார். "ஏனம்மணி, என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லீங்க. பெரியப்பனுக்கு அடமானப் பணம் குடுக்கோணும்ங்க. வாங்கிக்கோங்கன்னு கேட்டுட்டு நிக்கறேன். அவங்க வாங்க மாட்டேங்கறாங்க."

பொங்கியண்ணன் கவுண்டரைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பார்த்தார். அவருடைய கண்கள் கலங்கின.

"சொந்தக்காரப் புள்ளகிட்டக் காசு வாங்கறதான்னு நிக்கறீங்களா! என்ன மனசுங்க சம்பந்தி உங்களுக்கு!" கூட வந்த பெரியவர்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? இப்படிப்பட்ட வூட்டுக்குத்தான் நம்ம பொண்ணக் குடுக்கறோம்!"

"போத்தனூர் பூராவும் சொல்லோணும்ங்க இதை" என்றார் ஒரு பெரியவர்.

கவுண்டரின் கைகள் முதுகுக்குப் பின்னால் இன்னும் இறுகின.

நாச்சியம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. நான்கு வருஷத் திட்டத்தில் கவுண்டரின் பெருந்தன்மை என்ற இனத்துக்கு அவள் வரவுப் பத்தியே ஒதுக்கியிருக்கவில்லை. ஆனால் எதிர்பாராத வரவைத் திருப்பி அனுப்புகிறவள் இல்லை அவள்.

"அய்யோ, அது நாயமில்லீங்க" என்றாள் பணிவாக. "பெரியப்பன் பெரிய மனசு பண்ணறாங்கன்னு நாங்க சும்மா வாங்கிக்கலாமுங்களா? வேண்டாங்க பெரியப்பா, அப்படிப் பண்ணிப்போடாதீங்க!"

"நீ சும்மா இரு அம்மணி" என்றார் பொங்கியண்ணன். "அவரு முடிவு பண்ணிப்போட்டாரு. பணத்தை எடுத்துக்கிட்டுப் போ. சம்பந்தி, பத்திரத்தையும் கொண்டாந்து சும்மாவே குடுத்துப்போடுங்க. நல்ல நாள். எங்க கண்ணு முன்னால நடக்கட்டும்."

அதற்கு மேல் அந்த வீட்டில் நடந்த ஒவ்வொன்றும் மிக வேகமாக நடந்தது. கவுண்டரின் கைகள் முதுகிலிருந்து விடுபட்டு முன்னால் பாய்ந்தன. மஞ்சள் முடிச்சு நாச்சியம்மாள் கையிலிருந்து எப்போது போயிற்று என்று அவளுக்கே தெரியாது.

"அதெல்லாம் ஆவாதுங்க சம்பந்தி! புள்ள ரோசக்காரி. வாங்கலீன்னா மனசு ஒடிஞ்சுபோயிரும். அது மனசுக்காகத்தான் வாங்கறேன்" என்று சொல்லியபடியே நோட்டுகளை எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். பிறகு தாமே உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்து வந்தார். அமீர் ஹம்சா பத்திரத்தின் பின்புறத்தில், அசலும் வட்டியும் முழுக்க வரவாகி ஈடு தீர்ந்தது என்று நின்றபடியே எழுதினார். பசியில் கையெழுத்துக் கொஞ்சம் ஆடியது. கவுண்டர் கையெழுத்துப் போட்டார். பொங்கியண்ணனும் ஒரு பெரியவரும் சாட்சி போட்டார்கள்.

"வாங்கறதுலயும் ஒரு பெருந்தன்மை இருக்குதுங்க" என்றார் பொங்கியண்ணன். அவர் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாச்சியம்மாள் மை காயும் வரை ஊதிக்கொண்டு நின்றாள். பிறகு பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகி, பெண்களுக்குப் போட்டிருந்த இலையில் தெய்வாத்தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீடே உட்கார்ந்தது. அமீர் ஹம்சா உட்கார்ந்த சத்தம் தனியாகக் கேட்டது.

பருப்பு வந்தது. நெய் வந்தது. ஒப்புட்டு இரண்டிரண்டாக வந்தது. நான்கு வருஷமாகக் கத்தரிக்காயோடு குடும்பம் நடத்தியவள் அவசரமில்லாமல் சாப்பிட்டாள்.

எதிர்ப்பந்தியில் கவுண்டர் சோற்றைப் பிசைந்தார், வாயில் போடவில்லை. மடியில் அறுநூற்று எழுபத்திரண்டு ரூபாய் ஒரு வேலையும் இல்லாமல் கிடந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார்.

"அம்மணி."

"சொல்லுங்க பெரியப்பா."

"இந்தப் பணத்தைச் சும்மா வச்சிருக்கறதும் நல்லாயில்லே. உங்க பக்கத்துல யாருக்காச்சும் அவசரம்னா சொல்லு. யோக்கியமான ஆளா இருக்கோணும்." ஒரு கவளம் எடுத்தார், மறுபடி வைத்தார். "ஆனா உன்னைமாதிரி இருக்க வேண்டாம்."

"பாக்கறேனுங்க" என்றாள் நாச்சியம்மாள். "பெரியம்மா, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லுங்க."