சுந்தரலிங்கம் திறக்க வைத்த சேனல்

காமயகவுண்டன்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே டிஷ் மாட்டிக் கொடுத்து ரீசார்ஜ் செய்யும் கடை வைத்திருக்கிறேன். பெயர் விஜய்பாண்டி. இந்த ஊரில் எவர் வீட்டு டிவியில் படம் நின்றாலும் குற்றவாளி நான்தான். மழை பெய்தால் நான். குரங்கு வயரைப் பிடுங்கினால் நான். சீரியலில் நல்ல மருமகள் செத்துப்போனால்கூட உமாதேவிப் பெரியம்மா என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பாள். எல்லாம் பழகிவிட்டது. ஆனால் போன மாசம் அவளுடைய வீட்டுக்காரர் சுந்தரலிங்கம் பெரியப்பா கடைக்கு வந்து கேட்ட கேள்விக்கு மட்டும் நான் தயாராக இல்லை.

பெரியப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம் ஒரு தொழில், மனுக் கொடுப்பது இன்னொரு தொழில். தேனி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறை கேட்பார்கள். பெரியப்பா குறையில்லாமல் ஒரு திங்கட்கிழமையைக் கழித்ததாக எனக்கு நினைவில்லை. டவுன் பஸ் நாலு நிமிஷம் முந்தி வருகிறது என்று ஒரு மனு. அதே பஸ் ஆறு நிமிஷம் பிந்தி வருகிறது என்று அடுத்த மனு. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, அழைப்பிதழில் போட்டிருந்த நல்ல நேரம் தப்பு என்று மாப்பிள்ளையின் அப்பாவோடு மல்லுக்கட்டியவர். ஒரு தப்பைப் பார்த்துவிட்டால் அதைத் திருத்தாமல் அவருக்குச் சோறு இறங்காது.

அவர் வீட்டு டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் முடிந்திருந்தது. டிவியைப் போட்டால், பணம் கட்டவும் என்ற எழுத்து மட்டும் வந்தது. அதற்குக் கோபமில்லை. அதே எழுத்து கவர்மெண்டு சேனலிலும் வந்ததுதான் கோபம்.

"ஏலே விஜயி, காசு கட்டலைன்னா கம்பெனிக்காரன் அவன் சேனலைப் பூட்டட்டும். கவர்மெண்டு சேனலை எதுக்குப் பூட்டுறான்? அது யாரு வீட்டுச் சொத்து?"

ஐ.டி.ஐ படித்தவன் என்ற திமிரில் நானும் விளக்க உட்கார்ந்தேன். கவர்மெண்டே இலவசமாக ஒரு டிஷ் சேவை நடத்துகிறது, அதற்குத் தனிப் பெட்டி, அதில் பூட்டுக் கிடையாது என்றேன். நம் வீட்டில் இருப்பது கம்பெனி டிஷ். கம்பெனிக்காரன் கவர்மெண்டு சேனலையும் காட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவனும் காட்டுகிறான். ஆனால் எல்லாச் சேனலையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே பூட்டாகப் போடுகிறான். சாவி நம் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கார்டில் இருக்கிறது. காசு தீர்ந்தால் சாவி வேலை செய்யாது.

பூட்டாமல் விட்டால் என்ன என்று கேட்டார். அதற்கும் சொன்னேன். சாட்டிலைட்டிலிருந்து வருவது எல்லையில் இருக்கும் லோயர் கேம்ப் செக்போஸ்ட்டோடு நின்றுவிடாது. மலையைத் தாண்டிக் கேரளாவில் விழும், கடலைத் தாண்டி அடுத்த நாட்டிலும் விழும். கிரிக்கெட்டை நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்றிருக்கிறார்கள். நம் நாட்டுக்கு வாங்கினதை அடுத்த நாட்டுக்காரன் ஓசியில் பார்த்தால் விற்றவன் சும்மா விடுவானா?

"கிரிக்கெட்டுக்குப் பூட்டுப் போடு. கவர்மெண்டு சேனல்ல கத்திரிக்காய்ப் புழுவுக்கு மருந்து சொல்றான், அதுக்கு எதுக்குடா பூட்டு? அதை எவன் திருடிட்டுப் போறான்?" என்றார்.

இதற்கு என்னிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது. அதையும் சொல்லித் தொலைத்தேன். காசு கட்டாமலே இருபத்தைந்து கவர்மெண்டு சேனல் வருமானால், இந்த ஊரில் பாதிப் பேர் அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிடுவார்கள், ரீசார்ஜுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள், கம்பெனியும் நானும் கடையைச் சாத்தவேண்டியதுதான். பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. ஆக இது தப்புத்தான் என்று என் வாயாலேயே வந்துவிட்டதாம். எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் ரீசார்ஜ் செய்யவில்லை. டிவியை அணைக்கவும் இல்லை. கவர்மெண்டு சேனலில் அந்தப் பூட்டு எழுத்து ராத்திரி பகலாக எரிந்துகொண்டிருந்தது. சாட்சியம் என்றார். உமாதேவிப் பெரியம்மா சீரியல் பார்க்கத் தெருத் தெருவாக அலைந்தாள். பதினோராம் நாள் திங்கட்கிழமை தேனிக்குப் போய் மனுவைக் கொடுத்து ரசீது வாங்கி வந்தார்.

மறுநாள் என் கடைக்கு மாயக்காள் அத்தை வந்தாள். பெரியப்பாவின் கூடப்பிறந்த தங்கச்சி. அப்பன் தோட்டத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டு, பாதியை வாங்கிப் பன்னீர்த் திராட்சை போட்டவள். பெரியப்பா அன்றைக்கு நிறுத்திய பேச்சு நிறுத்தியதுதான். இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ஒரு வேலி. ஒரே வாரத்தில் இரண்டு பேரும் கொடியைக் கவாத்து வெட்டுவார்கள், ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்தபடி.

விஷயம் இதுதான். அதற்கு முந்தின மாசமே கவர்மெண்டு சேனல்காரர்கள் வந்து அத்தையின் தோட்டத்தைப் படம் பிடித்துப் போயிருக்கிறார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு விவசாய நிகழ்ச்சியில் வருகிறது. நான் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"நான் பார்க்கிறதுக்கு என்னடா இருக்கு, என் மூஞ்சி எனக்குத் தெரியாதா? எங்கண்ணன் பார்க்கணும்."

போனில் அனுப்பலாமே என்றேன். போனில் வருவதெல்லாம் பொய் என்பது பெரியப்பாவின் கட்சி. வேறு வீட்டுக்கு வரவழைக்கலாமா என்றால், அடுத்தவன் வீட்டு டிவி முன்னால் உட்காருகிற ஆள் அவர் இல்லை. அவர் வீட்டு டிவியில், அவர் கண் முன்னால் வரவேண்டும். அத்தை பணத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். அவள் கட்டியது அண்ணனுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் டிஷ்ஷையே கழற்றி வீசிவிடுவார் என்றாள்.

சொந்தக்காரர் கேட்காமல் அவர் பெட்டிக்கு ரீசார்ஜ் போடுவது தொழில் தர்மம் இல்லை என்று நான் கொஞ்சம் முறுக்கினேன். அத்தை என் முகத்தையே பார்த்தாள்.

"வேலிக்கு அந்தப் பக்கம் அவுக தும்முனா எனக்குக் கேட்குது. எனக்கு ஆஸ்பத்திரியில வயித்த அறுத்தப்பக்கூட எட்டிப் பார்க்கல. ஒன்பது வருஷம் ஆச்சு விஜயி. இதப் பார்த்தா பேசுவாக. அது எனக்குத் தெரியும்."

சரி என்றேன். உடனே அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு வியாபாரம் பேச ஆரம்பித்துவிட்டாள். வெறும் கவர்மெண்டு சேனல் மட்டும் வருகிற மாதிரி போட முடியுமா என்றாள். அடிப்படைப் பேக் என்று ஒன்று உண்டு, அதில் கவர்மெண்டு சேனல் எல்லாம் வந்தே தீரும், சீரியல் சேனலை நாமாகக் கேட்டால்தான் தருவார்கள் என்றேன். "அதையே போடு. மத்தது தொறந்தா மதினி கையிலருந்து ரிமோட்டப் பிடுங்க முடியாது" என்றாள்.

புதன்கிழமை காலையில் போட்டேன். அரை மணி நேரத்தில் பெரியப்பா சலவைச் சட்டையோடு கடைக்கு வந்துவிட்டார். இரண்டே நாளில் கலெக்டர் நடவடிக்கை எடுத்துவிட்டாராம். பெரியம்மா மட்டும் கொஞ்சம் முனகியிருக்கிறாள், சீரியல் சேனல் ஒன்றுகூடத் திறக்கவில்லையே என்று. பெரியப்பா மனு நகலை எடுத்து நீட்டிக் காட்டியிருக்கிறார். அதில் கேட்டது கவர்மெண்டு சேனலை மட்டும்தான், கேட்டதை மட்டும் அச்சுப் பிசகாமல் திறந்துவிட்டிருக்கிறார்கள், மனுவின் வெற்றிக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

நான் என்ன சொல்ல முடியும்? சாட்டிலைட், அடுத்த நாடு, சாவி, மூட்டை என்று நான் அளந்ததெல்லாம் பச்சைப் பொய் என்று டீக்கடையில் முடிவாகிவிட்டது. மத்தியானத்துக்குள் கம்பம் டவுனுக்குப் போய் ஃபிளெக்ஸ் அடித்துக் கொண்டுவந்து என் கடைக்கு நேர் எதிரிலேயே கட்டினார்கள். பெரியப்பா கையில் ரசீதோடு சிரிக்கிறார். கீழே, 'காசு கட்டாமலே கவர்மெண்டு சேனலைத் திறக்க வைத்த காமயகவுண்டன்பட்டியின் காவலரே' என்று போட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் ஏழு பேர் வந்து இனிமேல் ரீசார்ஜ் வேண்டாம் என்று சொல்லிப் போனார்கள். டீக்கடைப் பலவேசம் அண்ணன் அந்த மனுவை முப்பது ஜெராக்ஸ் எடுத்து விநியோகம் செய்தார். அத்தைக்கு நல்லது செய்யப் போய் என் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு வெற்றியைப் பார்வையிட ஊரை வீட்டுக்கு அழைத்திருந்தார் பெரியப்பா. ஆள் அனுப்பி என்னையும் வரவழைத்து, தோற்றவன் என்ற முறையில் டிவிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார். இருபது இருபத்தைந்து பேர் இருப்பார்கள். பெரியம்மா கேசரி கொடுத்தாள். செய்தி ஓடியது. ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு பெரியப்பா ஒவ்வொரு கவர்மெண்டு சேனலாகத் தாவிக் காட்டினார். எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியாத மொழியில் யாரோ பாடினார்கள், அதற்கும் எல்லாரும் தலையாட்டினார்கள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறரைக்கு அவர் வேறெங்காவது தாவி நின்றுவிட்டால் அத்தையின் ஒன்பது வருஷமும் வீண். மருந்து பற்றி ஏதோ சொல்வார்களாமே என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். ஆமாம், அதைத்தானே முதலில் கேட்டேன் என்று தமிழ்ச் சேனலுக்கு வந்தார்.

திராட்சைப் பந்தல் வந்தது. எங்கள் ஊர்த் தோட்டம் என்று பார்த்ததும் தெரிந்தது. பந்தலுக்கு அடியில் மாயக்காள் அத்தை, கையில் கவாத்துக் கத்தரியோடு நின்றாள். எல்லாரும் டிவியைப் பார்ப்பதா பெரியப்பாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் ரிமோட்டைத் தூக்கினார். ஆனால் அமுக்க முடியவில்லை. போராடித் திறக்க வைத்த சேனலை அவரே எப்படி மாற்றுவார்?

பேட்டி எடுத்த பெண், இதையெல்லாம் யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டாள். அத்தை கேமராவை நேராகப் பார்த்தாள்.

"எங்கண்ணன் சுந்தரலிங்கம். பந்தல் போடுறது, மருந்தடிக்கிறது எல்லாம் அவுக சொல்லிக் குடுத்ததுதான். பன்னீருக்குக் கவாத்து வெட்டயில மூணு கண்ணு விட்டு வெட்டணும்னு சொன்னதும் அவுகதான்."

திராட்சைக் கொடியில் துளிர் வரும் கணுவைக் கண்ணு என்போம். பன்னீருக்கு அஞ்சு கண்ணு விடவேண்டும் என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். மூணு விட்டால் இலைதான் வரும், குலை வராது. தங்கச்சி தன் பெயரைச் சொன்னதும் பெரியப்பாவின் முகம் ஒரு நிமிஷம் இளகியதை நான் பார்த்தேன். கண்கூடக் கலங்கினாற்போல் இருந்தது. அடுத்த நிமிஷம் அந்த 'மூணு' வந்து விழுந்தது.

மூணா, அதுதான் சுந்தரலிங்கம் அண்ணன் தோட்டத்தில் இந்த வருஷம் காய்ப்புக் கம்மியோ என்று பலவேசம் அண்ணன் பின்னாலிருந்து கேட்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியப்பா எழுந்தார். ரிமோட் கீழே விழுந்து அதன் பாட்டரி ஒரு பக்கம் உருண்டது. செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிவிட்டார்.

ரீசார்ஜ் விஷயம் தெரிந்துதான் போகிறாரோ என்று பயந்துவிட்டேன். நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் கடைப் பக்கம் திரும்பவில்லை. நேரே அத்தை வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். ஒன்பது வருஷமாக அந்தத் தெருவையே சுற்றிப் போன ஆள்.

அத்தை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே டிவி ஓடவில்லை.

"பன்னீருக்கு மூணு கண்ணுன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்றார். மூச்சு வாங்கியது. "அஞ்சு சொன்னேன். அஞ்சு. ஊரு உலகமெல்லாம் பார்க்குது, எம் பேரப் போட்டு மூணுங்குற."

அத்தை எழுந்து நின்றாள்.

"அஞ்சுதான்ணே. எனக்குத் தெரியாதா? இன்னைக்கு வரைக்கும் அஞ்சு விட்டுத்தான் வெட்டுறேன். டிவியிலயும் அஞ்சுன்னே சொல்லியிருந்தா, நீங்க இங்கன வந்திருப்பீகளா?"

அத்தை ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்துப் போட்டாள். அவர் அதையும் பார்த்தார், தங்கச்சியையும் பார்த்தார், அப்புறம் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் "அஞ்சு" என்று இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை மெதுவாகத்தான் சொன்னார்.